தோல் வேண்டும், தொழிலாளி வேண்டாமா?

கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றின் கோடியில் குடியிருக்கும் முதியவர் ஒருவர் சென்ற மாதம் எமது அலுவலகப் படியேறி வந்து, ஒரு கடிதத்தை மேசைமீது வைத்துவிட்டு நின்றார். இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. வீட்டு வளவிலே ஆட்டுத் தோல்களைச் சேர்த்துப் பதனிடுவதால் அயலவர்க்குத் தொல்லை விளைகின்றதென்றும், பதினான்கு நாட்களுள் அதனை நிறுத்தாவிடின் சட்ட நடவடிக்கை எடுக்கப்படுமென்றும் அக்கடிதம் கூறிற்று. வாசித்து முடித்து நிமிர்ந்தோம்.

"ஐயா, மணம் இருக்குதுதான். இல்லையெண்டு நான் சொல்லேல்லை. இதை எங்கை கொண்டுபோய்ச் செய்யிறது எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார் அவர்.

அந்தக் கேள்வியை நாம் சட்டப் புத்தகங்களிடம் கேட்டோம். பின்னர் எம்மவரிடமும் கேட்டோம். இரு இடத்திலும் கிடைத்த விடையை மக்கள்முன் வைப்பது கடமையெனக் கருதியே இதனை எழுதுகின்றோம்.

முதலில் அம்மனிதர் செய்வது என்னவென்று சொல்லிவிடுவோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக வீடுவாசல் துறந்து வெளியேறினார்களே, அந்தக் கூட்டத்தில் மூட்டையோடு வந்தவர்களுள் அவரும் ஒருவர். மூட்டைக்குள் இருந்தவை தோல் சீவும் வளைகத்தியும் வார் இழுக்கும் கொக்கியும். கொட்டாஞ்சேனையில் அவர் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் தோல் மாற்றிக் கொடுக்கிறார். இறைச்சிக் கடைகளிலிருந்து பச்சைத் தோலை வாங்கி, உப்பிட்டு, பின்னர் கழுவிச் சுண்ணாம்பு நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மயிரையும் உட்சதையையும் சீவி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவிடுகின்றார். வாத்தியத்துக்குப் போகும் தோல் அவ்வளவில் நிற்கும். அது பதனிட்ட தோலன்று, உலர்ந்த பச்சைத் தோல். பதனிட்டால் நாதம் செத்துவிடும் என்று அவர் சொல்கின்றார். ஆனால் சலங்கைப் பட்டைக்கு அது ஆகாது. வியர்வை பட்டால் ஊறி, காய்ந்தால் விறைத்து, ஆடுகின்ற பிள்ளையின் கணுக்காலை அறுத்துவிடும். ஆகவே சில தோல்களை ஆவாரம் பட்டை ஊறிய நீரிலே வாரக்கணக்கில் போட்டு, கடுக்காய்ச் சாற்றிலே முடித்து, எண்ணெய் தேய்த்து, மெதுமையான பதனிட்ட தோலாக்குகின்றார். சுண்ணாம்பு அவருடைய விரல் நகங்களை எப்போதோ தின்றுவிட்டது.

இந்த மிருதங்கங்களும் சலங்கைகளும் எங்கே போகின்றன? வெள்ளவத்தைக்குப் போகின்றன, பம்பலப்பிட்டிக்குப் போகின்றன. காலி வீதியின் இருமருங்கிலும் தொடர்மாடிகளில் வாழும் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், கணக்காளர்கள், எம்மைப்போன்ற சட்டத்தரணிகள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அரங்கேற்றம் நடக்கின்றது. மண்டப வாடகைக்கும் பட்டுக்கும் நகைக்கும் விருந்துக்கும் இலட்சக்கணக்கில் செலவிடுகின்றோம். அழைப்பிதழிலே குருவின் பெயர், பக்கவாத்தியக்காரரின் பெயர், பிரதம விருந்தினரின் பட்டம் பதவி எல்லாம் பொன்னெழுத்தில் இருக்கும். மிருதங்கத்துக்கு ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், எருமைத் தோல் மூன்றும் வேண்டும். அந்த மூன்றையும் உரித்து, சீவி, இழுத்துக் கட்டியவனின் பெயரை எந்த அழைப்பிதழிலாவது வாசகர்கள் கண்டதுண்டா? நாம் கண்டதில்லை. எமது மகளின் அழைப்பிதழிலும் நாம் அச்சிடவில்லை. இதனை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம்.

இது கொழும்புக்கு மட்டும் உரிய குறையன்று. மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா "செபஸ்தியான் அண்ட் சன்ஸ்" என்றொரு நூல் எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் போற்றாத சங்கீத ரசிகர் இல்லை. அவருக்கு வாத்தியம் அமைத்துக் கொடுத்த பர்லாந்துவின் பெயரை அறிந்த ரசிகர் எத்தனை பேர்? அந்நூலின் வெளியீட்டுக்கு மண்டபம் தருவதாக இருந்த கலாக்ஷேத்திரா, 2020ஆம் ஆண்டு வெளியீட்டுக்குச் சில நாட்களே இருக்கையில் அனுமதியை விலக்கிக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. மாட்டுத் தோலின் நாதத்துக்கு இருக்கின்ற இடம் மாட்டுத் தோலைப் பற்றிய பேச்சுக்கு இல்லை!

சைவம் பேசுவோர் இவ்விடத்தில் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. பெரியபுராணத்தைத் திறந்து பார்க்கட்டும். ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தனார் சிவன் கோயில்களுக்குக் கொடுத்தது என்ன? பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் என்று சேக்கிழார் கணக்கெழுதி வைத்திருக்கின்றார். தோல் கோயிலுக்குள்ளே போயிற்று. தோல் கொடுத்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரிலே நந்தி விலகியது என்று மனமுருகிக் கேட்கின்றோம்; ஆண்டுதோறும் புரட்டாதி உரோகிணியில் குருபூசை செய்கின்றோம். கல்நந்தி விலகிய இடத்தில் மனித நந்திகள் விலகப் பல நூற்றாண்டு ஆயிற்று. எமது நாட்டிலே 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து பதினோராண்டு கழிந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்து வாயிலில் மனிதர் மறிக்கப்பட்டனர் என்பதை எந்த நரைத்த தலையும் மறந்திருக்க முடியாது.

தோல் பதனிடுதல் வீட்டுக் கொல்லைக்கு வந்தது எப்படி என்பதை இவ்வரலாற்றோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும். எந்தத் தொழிலாளியும் தன் பிள்ளை உறங்கும் பாயிலிருந்து பத்தடி தூரத்திலே சுண்ணாம்புத் தொட்டி கட்ட விரும்பமாட்டான். ஊர் அவனுக்கு வேறு நிலம் கொடுக்கவில்லை. செத்த மாட்டை இழுத்துப்போ என்றது, பறை அடி என்றது, தோலைக் கொண்டுவா என்றது. தொழில் செய்ய ஒரு துண்டு நிலம் வேண்டுமென்றால், உன் குடிசைக்குப் பின்னாலே செய் என்றது. நாற்றம் அவனுடைய குணமன்று, அவனுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு. அதனை ஒதுக்கிய சமுதாயமே இப்போது தொடர்மாடி கட்டி, சாளரத்தைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு மனு எழுதுகின்றது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். மணத்தைக் குறித்து முறையிட்ட அயலவரை நாம் குற்றம் சொல்லவில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அருகே சுண்ணாம்பும் கழிவுநீரும் ஓடுவது தொல்லைதான். அதனை மறுத்து வாதாடுகின்ற சட்டத்தரணி நீதவானையும் ஏமாற்றுகின்றான், தன்னையும் ஏமாற்றுகின்றான். 1862ஆம் ஆண்டிலேயே தொல்லைகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் 1947இல் வந்தது. அருவருப்பான தொழில்களுக்கு அனுமதி பெறவேண்டுமென்பது அதன் ஏற்பாடு. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி, தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் உண்டு. நிறுத்து, அகற்று, மூடு என்று சொல்ல இத்தனை சட்டம்! இதோ இங்கே செய் என்று சொல்ல ஒரு வரியாவது உண்டா? கொழும்பைச் சுற்றியுள்ள தோல் ஆலைகளை அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பட்டஅத்தவுக்கு நகர்த்துவது பற்றிப் பல ஆண்டு பேசினார்கள். அது ஆலைக்காரர் சங்கதி. கொட்டாஞ்சேனை வளவிலே ஏழெட்டுத் தோலோடு இருப்பவனைக் குறித்து எவரும் பேசவில்லை.

இவ்விடத்தில் எம் நண்பர்களுள் ஒரு சாரார் குறுக்கிடுவர். "வீட்டுத் தொழிலை வளர்க்கத்தானே வேண்டும், இரசாயனத் தூள் பொட்டலமாகவே கிடைக்கின்றது, வீட்டுக்கு வீடு தோல் பதனிட்டால் வடக்கிலும் கிழக்கிலும் பணம் புரளுமே" என்பர். இவர்களோடும் நாம் உடன்படவில்லை. உடன்படாததற்குக் காரணம் தமிழ்நாட்டிலே இருக்கின்றது.

மதராசிலே ஆவாரம் பட்டையால் பதனிட்ட தோல் ஒருகாலத்தில் உலகச் சந்தையில் பெயர்பெற்ற சரக்கு. அல்பிரட் சட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அங்கு குரோமிய முறையைக் கொண்டுவந்தார். பட்டை முறையில் வாரங்கள் எடுத்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. சென்னைக்கு அருகே குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோம் தோல் ஆலையால் வந்ததுதான். விரைவு வந்தது, இலாபம் வந்தது. வடிகால் மட்டும் வரவில்லை. வழமையான முறையில் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தோலிலே ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். அக்கழிவுநீர் பாலாற்றுக்குப் போயிற்று, கிணறுகளுக்குப் போயிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் இந்திய உச்ச நீதிமன்றத்திலே வழக்கிட்டது. 1996 ஓகஸ்ட் 28ஆந் திகதி நீதியரசர் குல்தீப் சிங் வழங்கிய தீர்ப்பை எமது கமக்காரர்கள் ஒருமுறை வாசிக்கக் கேட்கவேண்டும். தோல் ஆலைப் பகுதியிலே ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என்ற ஆய்வு அத்தீர்ப்பிலே எடுத்துக் காட்டப்பட்டுள்ளது. பதின்மூன்று கிராமங்களிலே பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என அம்மன்று உரைத்தது. ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபா தண்டமும் விதித்தது. தீர்ப்பு வந்தது, செத்த கிணறு உயிர்க்கவில்லை. 2015 ஜனவரி 31ஆந் திகதி இராணிப்பேட்டையிலே கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறக்கத்திலிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அங்கேயும் நாற்றத்துக்கு அருகே படுத்தவன் ஏழைதான்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கின்றது. ஆறில்லை. மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குப் போகும். இதனை நாம் சுன்னாகத்திலே படித்துவிட்டோம். மின்னிலையத்து எண்ணெய் கிணறுகளில் மிதந்தது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர்நீதிமன்றம், மாசுபடுத்திய கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, வீட்டுக்கு வீடு குரோமியப் பொட்டலம் கொடுத்துக் கிணற்றடியிலே தோல் ஊறப்போடச் சொல்லுகின்றவர் எமது மக்களுக்கு நண்பராக முடியாது. ஆவாரம் பட்டைக் கழிவும் அமிர்தமன்று. அதிலே நச்சு உலோகம் இல்லை, அவ்வளவே. ஆனால் சுண்ணாம்பும் உப்பும் சதைத் துணுக்கும் சேர்ந்து நீரைக் கெடுக்கும்.

ஆகவே எமது நிலையைத் தெளிவாகச் சொல்லுகின்றோம். தோல் பதனிடுதல் வீட்டிலே நடக்கக்கூடாது. ஆனால் நடக்கக்கூடாது என்று சொல்ல உரிமை பெற்றவன், நடக்கவேண்டிய இடத்தைக் கொடுத்தவன் மட்டுமே.

இடம் கேட்டால் அரசாங்கம் என்ன செய்தது? 2020 செப்டெம்பரில் மாடறுப்பையே தடைசெய்வதென அமைச்சரவை கொள்கையளவில் முடிவெடுத்தது. மாட்டிறைச்சி உண்போருக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சி இறக்கிக் கொடுப்பதாகவும் அதே முடிவிலே சொன்னார்கள்! அந்நிய நாட்டிலே அறுத்தால் சீவகாருணியம், இந்நாட்டிலே அறுத்தால் பாவம் என்ற இந்தத் தருக்கத்தை எந்தப் பள்ளியிலே படித்தார்கள் என்பது தெரியாது. உழவுக்கும் பாலுக்கும் உதவாத மாட்டைக் கமக்காரன் எவ்விதம் காப்பாற்றுவான் என்றோ, தோலை நம்பி வாழ்பவன் எங்கே போவான் என்றோ அமைச்சரவையின் நடுவே ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. எம்மவருள்ளும் அந்த முடிவுக்குக் கைதட்டியவர்கள் உண்டு. அவர்கள் காலில் செருப்பு இருந்தது.

வேள்வி விவகாரத்தையும் எண்ணிப் பாருங்கள். 2017 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல்நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலியைத் தடைசெய்தபோது சார்பாகவும் எதிராகவும் எத்தனை அறிக்கைகள், எத்தனை கண்டனங்கள்! அதன் சரிபிழையை நாம் இங்கே ஆராயவில்லை. அத்தனை பேச்சிலே இறைச்சியைப் பற்றிப் பேசினார்கள், பாவத்தைப் பற்றிப் பேசினார்கள். தோலைப் பற்றி ஒரு சொல் நாம் கேட்கவில்லை. தீபாவளிக்கும் வருஷப் பிறப்புக்கும் ஊரிலே பங்கு போடும் கிடாய்களின் தோல் என்ன ஆகின்றது? பெரும்பாலும் குழியிலே, அல்லது நாயின் வாயிலே.

கமக்காரருக்கு ஒரு வார்த்தை. தோலைப் பதனிடுவது வேறு, தோலைக் காப்பது வேறு. காப்பதை எந்த வீட்டிலும் செய்யலாம். அதற்குச் சாதியும் வேண்டாம், இரசாயனமும் வேண்டாம். உரிக்கும்போது கத்தி முனையால் கீறாதீர்கள். கீறலொன்று விழுந்தால் முழுத் தோலும் விலை இழக்கும். கழுத்தும் காலும் தவிர மற்ற இடத்தை முட்டியால் தள்ளி உரிக்கலாம். இரத்தத்தைக் கழுவி, சில மணி நேரத்துக்குள் சதைப்பக்கம் மேலாக விரித்து, ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ கல்லுப்பு வீதம் ஓரங்களிலும் மடிப்புகளிலும் தேய்த்துவிடுங்கள். நீர் வடியத்தக்கதாகச் சற்றுச் சரிவான சீமெந்துத் தரையிலே, வெயில் படாத கொட்டகையில் வையுங்கள். வடியும் உப்புநீர் கிணற்றுப் பக்கம் போகாதிருக்கட்டும். நோயினால் தானே செத்த விலங்கின் தோலை மட்டும் தொடவே வேண்டாம். மிருக வைத்தியரைக் கேளாமல் உரித்தால் அந்திராக்ஸ் போன்ற கொடுநோய் உரித்தவனையே பற்றும். ஆனையிறவிலே உப்பு விளைகின்றது. ஆவாரஞ் செடி வரண்ட பிரதேசக் கரையோரங்களில் தானே வளர்கின்றது. பூவைத் தேநீராக வடித்துக் குடிக்கின்றோம், பட்டையைக் கண்டுகொள்வதில்லை. ஆடு பட்டியிலே நிற்கின்றது. குறைவது நிலமும் வடிகாலும் முதலும் மட்டும்.

அந்த மூன்றையும் கொடுக்க வல்லவர்கள் படித்தவர்கள். அண்மையில் வெள்ளவத்தையில் சில அன்பர்கள் கூடியிருந்த இடத்தில் இதனை எடுத்துரைத்தோம். வன்னியிலே குடியிருப்புக்கு விலகி இரண்டேக்கர் நிலம். கழிவுநீர் தேங்கித் தெளிய அடித்தளம் பூசிய தொட்டிகள். சுற்றாடல் அனுமதிப் பத்திரம். தோல் தொழிலாளரும் கமக்காரரும் பங்காளராகும் கூட்டுறவுச் சங்கம். எந்தக் குடியிற் பிறந்த பிள்ளையும் வந்து படிக்கத்தக்க பயிற்சிக் கொட்டகை. சென்னை அடையாற்றிலே 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. கனிஷ்கா விமான அனர்த்தத்தில் 1985இல் மாண்ட டாக்டர் நாயுடம்மா போன்ற மேதைகள் தலைமை தாங்கிய நிலையம் அது. தோலைத் தொட்டவர் உலகம் மதிக்கும் விஞ்ஞானியாகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா என்றும் கேட்டோம். ஓர் அன்பர், நல்ல மனிதர், கோயிற் திருப்பணிக்கு வாரி வழங்குபவர், மிக மரியாதையாகச் சொன்னார்: "யோசனை திறம்தான். ஆனால் அதுக்கு ஆக்கள் இருக்கினம்தானே."

ஆக்கள் இருக்கினமாம்! இவ்வளவு நேரம் நாம் எழுதிய அனைத்தையும் அவர் நாலு சொல்லிலே சொல்லிவிட்டார். அந்த "ஆக்களுள்" ஒருவருக்குத்தான் கடிதம் வந்திருக்கின்றது. அவருடைய இரு பிள்ளைகளும் இத்தொழிலுக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவன் கனடாவில், ஒருத்தி வங்கியில். அவர்களை நாம் மெச்சுகின்றோம். பிறப்பினால் ஒட்டிய தொழிலைப் பிள்ளை உதறினால் அது விடுதலை. ஆனால் அவர் கையை மடக்கினால் அடுத்த அரங்கேற்றத்துக்குச் சென்னையிலிருந்து மிருதங்கம் இறக்குவோம். அங்கே வேறொரு கொல்லையில் வேறொரு கிழவர் சுண்ணாம்பிலே கை வைத்திருப்பார். வலந்தலையிலும் தொப்பியிலும் அந்த விரல்களின் அடையாளம் தெரியாது. தவிலுலகிலே யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொல்லி நெஞ்சு நிமிர்த்தும் நாம், ஒரு தவிலுக்குத் தோல் மாற்ற இந்நாட்டிலே இடமில்லாமற் செய்துவிடுவோம்.

கடிதத்துக்கு மறுமொழி அனுப்பியுள்ளோம். தொல்லை உண்டென்பதை மறுக்கவில்லை. மூன்று மாத அவகாசம் கேட்டிருக்கின்றோம். சுண்ணாம்புத் தொட்டியை உடனே மூடுவதாகவும், உப்பிட்ட தோலை மட்டும் மூடிய பெட்டியில் வைத்திருப்பதாகவும் வாக்களித்திருக்கின்றோம். அவகாசத்துக்குள் இரண்டேக்கர் நிலம் கிடைக்க வேண்டும். நிலம் தரவோ முதல் தரவோ விரும்புவோர் இப்பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதலாம். தொழில் படிக்க விரும்பும் இளைஞர் எந்த ஊரவராயினும் எழுதலாம். முந்தநாள் மாலை கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தோம். ஏழு தோல்கள் உப்பிட்டு அடுக்கியிருந்தன. மார்கழிக்கு மூன்று மிருதங்கங்கள் ஒப்புக்கொண்டிருப்பதாகவும் முற்பணம் வாங்கிவிட்டதாகவும் அவர் சொன்னார். இரண்டு வெள்ளவத்தைக்கு. ஒன்று, அவரது வீட்டுக்குப் பக்கத்திலே எழுந்துள்ள தொடர்மாடிக்கு.